சார், தட்டை எப்பக் கழுவுனீங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் திறந்திருந்தால் மூடி வைத்துவிட்டு ராத்திரி படியுங்கள்.

போன ஐப்பசி மழையில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு புள்ளிப்புறாக்கள் இறந்தன. திடீரென்று சாகவில்லை. இரண்டு மூன்று நாள் இறகை உப்ப வைத்துக்கொண்டு, நான் தானியம் போடும் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன. கிட்டே போனாலும் பறக்கவில்லை. தானியத்தைக் கொத்தும், விழுங்க முடியாமல் கீழே போடும். பசி என்று நினைத்து இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது கால்நடை மருத்துவர். போன் செய்ததும் வந்தான். கையுறை போட்டுக்கொண்டு, செத்த புறாவின் அலகைத் திறந்து காட்டினான். தொண்டைக்குள் மஞ்சளாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. அப்புறம் தட்டைப் பார்த்தான். பழைய தானியம் அடியில் நனைந்து பூசணம் பிடித்துக் கிடக்க, அதன் மேலேயே நான் தினமும் புதிதாகப் போட்டிருந்தேன். "சார், தட்டை எப்பக் கழுவுனீங்க?" என்று மெதுவாகக் கேட்டான். வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றேன். கழுவியதே இல்லை.

"புறா இனத்துக்கு இது பழைய நோய்தான் சார். ஒரு நுண்ணுயிர். ஒண்ணு கொத்திக் கீழே போட்ட தானியத்தை இன்னொண்ணு கொத்துனா ஒட்டிக்கும். காட்டுல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் மேயும். நாமதான் எல்லாத்தையும் ஒரே தட்டுக்கு வர வைக்கிறோம்" என்றான்.

அவன் போன பிறகு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் அல்லவா, மனிதர்கள் பறவைக்குத் தானியம் கலந்து போட்ட கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். கடைசியில் என் கலவையும் இருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் அங்கே போய்விடலாம். ஆனால் பரீட்சைக்கு முன் கடைசிப் பக்கம் மட்டும் படித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும்!

பழைய வழக்கத்திலிருந்து தொடங்குகிறேன். நெல் விளையும் ஊர்களில் அறுவடையின்போது நல்ல கதிர்களாகப் பார்த்து எடுத்து, கொத்தாகப் பின்னி, திண்ணை உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். குருவிகள் வந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொறிக்கும். இதே பழக்கம் நார்வேயிலும் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓட்ஸ் கதிர்க் கட்டு ஒன்றைக் கம்பத்தின் உச்சியில் கட்டி வைப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் கலவை கிடையாது. அந்த வயலில் விளைந்தது எதுவோ, அதில் ஒரு பங்கு. கதிரில் தொங்குவதால் மழைநீர் தேங்காது, எச்சமும் அதிகம் படாது. நம் பாட்டிமார்கள் கிருமியைப் பற்றிப் படித்து இப்படிச் செய்யவில்லை. ஆனால் கதிரைத் தட்டில் உதிர்த்துக் கொட்டாமல் தொங்கவிட்டது எவ்வளவு நல்லது என்று இப்போது புரிகிறது.

பறவைக்கென்றே பல பொருளைக் கலந்து, செய்முறையோடு எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனிக்காரர். பெயர் ஹான்ஸ் ஃபான் பெர்லெப்ஷ். 1857-இல் பிறந்த பிரபு. துரிங்கியா பகுதியில் ஸேபாக் என்ற ஊரில் அவருக்குக் கோட்டையும் தோப்பும் இருந்தன. மரங்கொத்தி குடையும் பொந்தை அளந்து பார்த்து, அதே வடிவத்தில் மரக்கூடுகள் செய்து மாட்டினார். குளிர்காலத்துக்கு ஒரு கலவையும் தயாரித்தார். அவருடைய முறைகளை விளக்கும் நூல் ஒன்று 1908-இல் ஆங்கிலத்திலும் வந்தது. கலவையில் என்னவெல்லாம் என்று பாருங்கள்: காயவைத்துப் பொடித்த ரொட்டி, காயவைத்துப் பொடித்த இறைச்சி, கஞ்சாச் செடியின் விதை (திடுக்கிட வேண்டாம், போதை விதையில் இல்லை), கசகசா, பனிவரகு, ஓட்ஸ், சூரியகாந்தி விதை, உலர்ந்த காட்டுப் பழம், எறும்பு முட்டை. எல்லாவற்றையும் உருக்கிய மாட்டுக் கொழுப்பிலோ ஆட்டுக் கொழுப்பிலோ கலந்து, சூடாக ஊசியிலை மரத்தின் கிளைகளில் ஊற்றிவிடுவார். கொழுப்பு உறைந்ததும் கிளையெல்லாம் தீனி. பறவைகள் ஆளுக்கொரு கிளையில் உட்கார்ந்து கொத்திக்கொள்ளும்.

விதை தின்னும் பறவைக்கு விதை, பூச்சி தின்னும் பறவைக்கு இறைச்சியும் எறும்பு முட்டையும், பனிக்குளிரில் உடம்புச் சூட்டுக்குக் கொழுப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் இருந்தது. இதில் இரக்கம் மட்டுமல்ல, கணக்கும் இருந்தது. 1905-இல் ஐசெனாக் நகருக்கு வடக்கே ஹைனிக் காட்டைப் புழுக்கள் மொட்டையாக்கியபோது, பெர்லெப்ஷின் தோப்பு பச்சையாகவே நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். குளிரில் பறவையைக் காப்பாற்றினால் வசந்தத்தில் அது மரத்தைக் காப்பாற்றும் என்பது அவருடைய வாதம்.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே ஏழை பணக்காரர் என்று எல்லோரிடமும் இருந்தது ரொட்டித் துண்டுதான். 1890-91 குளிர்காலம் மிகக் கடுமையானது. பறவைகளுக்கு ஏதாவது போடுங்கள் என்று பத்திரிகைகள் கேட்டுக்கொள்ள, தோட்டத்தில் ரொட்டித் தூள் போடுவது வீட்டுக்கு வீடு பழக்கமாகிவிட்டது.

அந்தப் பழக்கம் ஐம்பது வருஷம் கழித்துக் குற்றமானது. இரண்டாம் உலகப்போர் சமயம். தானியம் கப்பலில் வரவேண்டும், கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கின்றன. மனிதன் உண்ணத்தக்க உணவை வீணாக்குவது குற்றம் என்று 1940-இல் ஆணை போட்டார்கள். 1943 ஜனவரியில் லண்டனுக்குப் பக்கத்தில் பார்னெட் என்ற ஊரில் ஒரு பெண்மணிக்கு 10 பவுண்டு அபராதம். தோட்டத்துப் பறவைகளுக்கு ரொட்டி போடவிட்டார் என்பது குற்றச்சாட்டு. போட்ட வேலைக்காரப் பெண்ணுக்கு 5 ஷில்லிங். பறவைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று அந்த அம்மாள் சொன்னாராம்.

இதைப் படித்ததும் எனக்கு அந்த அம்மாள் மேல் பரிதாபம்தான் வந்தது. பிறகு வருஷத்தைக் கவனித்தேன். 1943. பத்தாம் வகுப்பில் அந்த வருஷத்தை உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். வங்காளப் பஞ்சம். பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்று, படகுகளைப் பறித்து, விலை ஏறி, 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பசியிலும் நோயிலும் செத்த வருஷம். ஒரே சாம்ராஜ்யம். ஒரு மூலையில் குருவிக்கு ரொட்டி போட்டதற்கு வழக்கு. இன்னொரு மூலையில் கல்கத்தா நடைபாதையில் மனிதன் கஞ்சித் தண்ணீருக்குக் கையேந்துகிறான். அந்த அம்மாள் கெட்டவரில்லை. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்த பசி ஒன்று, தெரியாத பசி வேறொன்று.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பாரதியார், சமைக்க வைத்திருந்த அரிசியை எடுத்து முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்த கதையை எத்தனையோ வகுப்பில் உருகி உருகிச் சொல்லியிருக்கிறேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "அப்புறம் செல்லம்மா என்ன சார் சமைச்சாங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவள் வீட்டு நிலைமை எனக்கு அப்போது தெரியாது, பிறகுதான் தெரிந்தது. அம்மா, நீ இதைப் படிக்கிறாய் என்றால், அன்றைக்கு நீ கேட்டதுதான் சரியான கேள்வி. பறவைக்குப் போடும் எந்தப் பிடியிலும் அந்தக் கேள்வி இருக்கிறது: இது யாருடைய பங்கிலிருந்து எடுத்தது?

சரி, கதைக்கு வருகிறேன். போர் முடிந்து வசதி வந்ததும், மேலை நாடுகளில் ரொட்டிக்குப் பதில் விதை வந்தது. முதலில் சூரியகாந்தி. அமெரிக்கப் பழங்குடிகள் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பே பயிராக்கிய செடி. ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், அழகுக்காக வளர்த்தார்கள். ரஷ்யாவுக்குப் போன பிறகுதான் 19-ஆம் நூற்றாண்டில் பெரிய அளவில் எண்ணெய்ப் பயிரானது. சோவியத் காலத்தில் வசீலி புஸ்தவோயித் என்ற விஞ்ஞானி, விதை எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் இருக்கும்படியான ரகங்களை உருவாக்கினார். அந்த மெல்லிய தோல் கறுப்பு விதை சொந்த ஊரான அமெரிக்காவுக்கே திரும்பிப் போய், அங்கே தோட்டத்துப் பறவைகளுக்குப் பிடித்தமான தீனியானது. 1969-இல் பீட்டர் கில்ஹாம் என்பவர் நீண்ட குழாய் வடிவத்தில், பக்கவாட்டில் துளைகளோடு ஒரு தீனிக் கூண்டு செய்தார். இன்று வெளிநாட்டில் இருக்கும் உங்கள் வீட்டுப் பின்பக்கம் தொங்குவது அதன் வாரிசு. அதே 1969-இல்தான் ரஷ்ய ரகச் சூரியகாந்தி எண்ணெய்ப் பயிராக நம் நாட்டுக்கும் வந்தது.

அடுத்தது நம் பக்கத்துச் சரக்கு. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் வேலை பார்த்த நாட்களில், ராகிக் கொல்லைகளில் நடுநடுவே மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஒரு வரிசையைப் பார்த்திருக்கிறேன். பேயெள்ளு. அந்தப் பக்கத்துக் கன்னடக்காரர்கள் ஹுச்செள்ளு என்பார்கள், பைத்தியக்கார எள் என்று அர்த்தம். பேயோ பைத்தியமோ, எண்ணெயும் சட்னிப் பொடியும் அருமையாக இருக்கும். எத்தியோப்பியாவில் பிறந்து வெகுகாலத்துக்கு முன்பே நம் நாட்டுக்கு வந்து, மலங்காட்டு மண்ணில் மாடு தொடாத வேலிப் பயிராக நிலைத்தது. இந்த விதைதான் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கோல்டுஃபிஞ்ச் என்ற சின்னஞ்சிறு பறவைக்குத் தீனியாகிறது. அமெரிக்காவில் இறங்கும் விதையைச் சூடுபடுத்தித்தான் உள்ளே விடுவார்கள். கூடவே அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் களையின் விதை வந்து முளைத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த விதைக்கு ஆங்கிலத்தில் நைஜர் என்று பெயர். அதைத் தப்பாக உச்சரித்தால் கறுப்பின மக்களை இழிவுசெய்யும் சொல்லாக ஒலிக்கிறது என்று 1998-இல் எழுத்துக்கூட்டலை மாற்றி வணிகப் பெயராகப் பதிவு செய்தார்கள். லண்டனில் இருக்கும் என் மாணவன் போன மாதம் அனுப்பிய புகைப்படத்தில் குழாய்க்குள் இருந்தது இதுதான். "தெரியாத கறுப்பு விதை சார்" என்றான். உங்க பாட்டி இடித்த பொடிதாண்டா அது!

வியாபாரம் வந்தால் கலப்படமும் வரும். கடைப் பொட்டலங்களில் எடை கூட்டுவதற்காகப் பறவை சீண்டாத தானியத்தையும் சேர்த்தார்கள். ஏல்ரெட் கைஸ் என்ற அமெரிக்க அரசு ஆய்வாளர், எந்தப் பறவை எதைத் தின்கிறது என்று பொறுமையாக எண்ணிப் பார்த்து 1980-இல் அறிக்கை கொடுத்தார். கறுப்புச் சூரியகாந்தியையும் வெள்ளைப் பனிவரகையும்தான் பெரும்பாலானவை தேடி வந்தன. பொட்டலத்தில் இருந்த மற்றது பலவும் கீழே சிதறிக் கிடந்தது. அதைவிட மோசமானது, 2012-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கிடங்கில் பூச்சி விழக்கூடாது என்று, பறவைக்கே நஞ்சாகும் பூச்சிக்கொல்லியைப் பறவைத் தீனியில் தெளித்து விற்றிருந்தார்கள்.

சரி, நாமே சுத்தமாகக் கலந்தால் போதுமா? அதுவும் போதாது. 1994-இல் வாஷிங்டன் பக்கத்தில் ஹவுஸ்ஃபிஞ்ச் பறவைகள் கண் வீங்கிக் குருடாக ஆரம்பித்தன. கோழிகளிடம் இருக்கும் ஒரு கிருமி, தீனிக் கூண்டுகள் வழியாகவும் நாடு முழுக்கப் பரவியது. 2005-இல் இங்கிலாந்தில், என் மாடிப் புறாக்களின் தொண்டையில் என் மாணவன் காட்டினானே, அதே புறா நோய் ஃபிஞ்ச் இனத்துக்குத் தாவியது. அடுத்த வருஷமே பெரிய கொள்ளைநோயானது. தோட்டத்துக்குத் தோட்டம் இருந்த கிரீன்ஃபிஞ்ச் என்ற பறவை 2021-இல் ஆபத்தில் உள்ளவற்றின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. பறவைகளை உயிராக நேசிக்கும் ஒரு நாட்டில், நேசித்தவர்களின் தட்டு வழியாக நோய் பரவியிருக்கிறது. இதைப் படித்தபோது என் தட்டும் கண்முன் வந்தது.

அப்படியானால் போடுவதை நிறுத்திவிடலாமா? ஒரு மாதம் நிறுத்தித்தான் வைத்தேன். என் டாக்டர் மாணவனிடமே மறுபடி கேட்டேன். "போடுங்க சார். ஆனா உங்களுக்குத் திருப்தியா இருக்குற அளவு போடாதீங்க. அதுங்களுக்குப் பாதுகாப்பா இருக்குற அளவு போடுங்க" என்றான். எனக்குப் பிடித்த பதில். இப்போது நான் செய்வது இதுதான்.

கலவை: தினை 3 பங்கு, கம்பு 2 பங்கு, பனிவரகு 2 பங்கு, ராகி 1 பங்கு, பேயெள்ளு கிடைத்தால் அரைப் பங்கு. தினையும் பனிவரகும் தோல் நீக்காததாக வாங்குங்கள். தோலை உரிக்கிற வேலையைச் சில்லையும் குருவியும் நம்மைவிட நன்றாகவே செய்யும். புறாவும் கிளியும் வரும் இடமென்றால் உடைத்த சோளம் ஒரு பங்கு சேர்க்கலாம். கல், தூசி போகப் புடைத்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்தால் போதும்.

சேர்க்கக் கூடாதவை: உப்பு, எண்ணெய் பட்ட மிக்சர், காராபூந்தி. பூசணம் பிடித்த கடலை கூடவே கூடாது, அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். முக்கியமாக, விதைப்புக்கு என்று வாங்கி மிஞ்சிய விதை வேண்டாம். சிவப்பாகவோ ரோஸாகவோ சாயம் பூசியிருப்பது பூஞ்சைக்கொல்லி, பூச்சிக்கொல்லி தடவிய விதை. நிலம் வைத்திருக்கும் நம் சொந்தங்கள் இதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

போடும் முறை: காலையில் ஒரு கை. மாலைக்குள் தீர வேண்டும். மிஞ்சினால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். தட்டின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டுவிட்டேன், தண்ணீர் தேங்குவதில்லை. பழைய தானியத்தின் மேல் புதியது போடுவதில்லை. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயும்வரை வெயிலில் கவிழ்க்கிறேன். அதற்குத் தனி பிரஷ், பிறகு கைக்கு சோப்பு. தண்ணீர்ச் சட்டியைத் தினமும் மாற்றுகிறேன். இடத்தை அவ்வப்போது மாற்றி வைக்கிறேன். உப்பிக்கொண்டு உட்காரும் ஒரு பறவையைப் பார்த்தாலும் உடனே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நிறுத்திவிட வேண்டும். அந்தச் சமயத்தில் அள்ளிப் போடுவது இரக்கமில்லை என்று இரண்டு உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று. குருவி தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் தானியம் ஊட்டாது, புழு பூச்சிதான் ஊட்டும். எவ்வளவு நல்ல கலவை போட்டாலும், ஒரு மருதாணிச் செடியும் கொஞ்சம் புல்தரையும் இல்லாத வீட்டில் குஞ்சு வளராது. இருக்கிற வேலிச்செடியை 'சுத்தம்' என்று வெட்டாமல் விடுவது எந்தக் கலவையையும்விடப் பெரிய உபகாரம்.

செல்லம்மா கேள்விக்கு வருகிறேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, ஒரு கை தினை எனக்குப் பாரமில்லை. ஆனால் மாதம் கலவை வாங்கும் அன்று, அதே கடையில் அதே காசுக்கு அரிசி வாங்கி, எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கும் அம்மாவின் வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு மாணவி வகுப்பில் கேட்ட கேள்விக்கு அன்றைக்குச் சொல்லாத பதில் இது, அவ்வளவுதான்.

மார்கழி கடைசியில் தட்டை மறுபடி வைத்தேன். முதல் நான்கு நாள் எதுவும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு சின்னத் தவிட்டுப் புறா, அப்புறம் ஏழெட்டு புள்ளிச் சில்லைகள். இன்று ஞாயிறு, கழுவும் நாள். தட்டு மாடியில் வெயிலில் கவிழ்ந்து கிடக்கிறது. சில்லைகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கின்றன.

உங்கள் வீட்டில் என்ன போடுகிறீர்கள், என்ன பறவை வருகிறது என்று எழுதுங்கள். கூடவே கடைசியாகத் தட்டைக் கழுவியது எப்போது என்பதையும் எழுத வேண்டும். பொய் சொன்னால் முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்